குழிக்குள் போகும் வயர்

செப்டிக் டேங்க் என்றால் மண்ணுக்குள் கிடக்கும் சிமெண்டுத் தொட்டி. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகும். நம்மில் பலருக்கு அவ்வளவுதான் தெரியும். பழைய தொட்டிகளுக்கு அது போதும். கழிவு தானாகச் சரிவில் ஓடிவிடும், கரண்டே வேண்டாம்.

கழிவறை தாழ்வாகவும் வெளிக்குழாய் மேடாகவும் இருக்கும் வீடுகளில் கதை வேறு. அங்கே தொட்டிக்குள் பம்ப் இருக்கும். நீர்மட்டம் ஏறினால் மிதவைச் சுவிட்ச் அதைப் போடும், இறங்கினால் நிறுத்தும். சமையல் எண்ணெயும் ஈரத் துடைப்பான்களும் மிதவையைச் சிக்கவைத்தால், ஒன்று கழிவு வீட்டுக்குள் எதிர்த்து வரும். இல்லையென்றால் பம்ப் நிற்காமல் ஓடிக் கருகும்.

புதிதாகப் பொருத்துகிறவர்கள் மூன்றைக் கேட்டு வாங்குங்கள் என்பேன். முதலாவது, நீர்மட்டம் மீறினால் அலறும் எச்சரிக்கை மணி. பம்ப்பும் மணியும் ஒரே பிரேக்கரில் இருந்தால், பம்ப் டிரிப் ஆகும்போது மணியும் ஊமையாகிவிடும். ஆகவே, தனித்தனி இணைப்பு வேண்டும். இரண்டாவது, வயர்களை இணைக்கும் பெட்டி தொட்டிக்கு வெளியே, தரைக்கு மேலே, தண்ணீர் புகாதபடி இருக்க வேண்டும். தொட்டியில் கிளம்பும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு செம்பை அரித்துவிடும். மூன்றாவது, கசிவு மின்சாரத்தைக் கண்டதும் துண்டிக்கும் ஆர்சிடி. அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

அந்த ஆர்சிடி அடிக்கடி விழுந்தால், தட்டித் தட்டி மேலே ஏற்றுவது நம்மவர் பழக்கம். தயவுசெய்து வேண்டாம். ஈரத்தில் எங்கோ மின்சாரம் கசிகிறது என்று அது சொல்கிறது. பம்ப்பின் சுவிட்சை அணைத்துவிட்டு வயர்மேனைக் கூப்பிடுங்கள். மலேசியாவில் இந்த வேலை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்றவர்களுடையது. குழாய் வேலைக்கு வந்தவரிடம், "அண்ணே, அப்படியே வயரையும் பார்த்துடுங்க" என்று ஒப்படைக்காதீர்கள். பதிவு அட்டையைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல.

கடைசியாக ஒன்று. மின்சாரத்தை அணைத்தாயிற்று என்று யாரும் தொட்டிக்குள் இறங்கக் கூடாது. அதே வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போகும், நாற்றமே தெரியாது. ஒருவர் மயங்கி விழ, தூக்கப் போனவரும் விழுந்து, இப்படி ஒரே குழியில் இருவர் மூவர் இறந்த செய்திகளைப் படித்திருக்கிறோம். பம்ப்பில் சங்கிலி கட்டிவைத்தால் மேலிருந்தே இழுத்துவிடலாம். அந்தச் சங்கிலி உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று, தீபாவளிக்கு உறவினர் கூடும் முன்பே, பொருத்தியவரிடம் கேட்டுவிடுங்கள்.