ஈப்போவில் எங்கே சாப்பிடலாம்? தமிழில் கேட்டு வாங்கும் கடையில்!



பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் வெளியூர் நண்பர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஈப்போவுக்கு வருகிறோம். எங்கே சாப்பிடலாம்?" கேட்கும்போதே பாதி விடையையும் கையோடு கொண்டுவந்துவிடுவர். தவ்கே கோழி, குவே தியாவ், தௌ ஃபூ ஃபா, வெள்ளைக் கோப்பி. 2016ஆம் ஆண்டில் 'லோன்லி பிளானட்' நிறுவனம் ஆசியாவில் பார்க்கவேண்டிய இடங்களின் வரிசையில் ஈப்போவுக்கு 6ஆம் இடம் கொடுத்தது. அதன் பிறகு பழைய நகரப் பகுதியில் வார இறுதியில் நாற்காலி கிடைப்பதே அரிதாகிவிட்டது.

அந்த உணவுகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. பண்டார் தீமா சாலைக் கடைகளில் நானும் கோப்பி குடிப்பவன்தான். மார்ஜரின் சேர்த்து இளவறுவலாக வறுத்த கொட்டையின் மணம் தெருமுனையிலேயே ஆளை இழுத்துவிடும். ஆனால், ஒரு தமிழ்க் குடும்பம் இந்த நகரில் சாப்பிட இடம் தேடும்போது சுவை, விலை, தூய்மை ஆகியவற்றோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. நம் பிள்ளை தனக்கு வேண்டியதைத் தமிழில் கேட்டு வாங்கிச் சாப்பிடக்கூடிய இடமா அது?

ஏன் இப்படிக் கேட்கிறேன் என்றால், நம் பிள்ளைகள் வீட்டுக்கும் பள்ளிக்கும் வெளியே தமிழில் பேசக்கூடிய இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வங்கியிலும் மருத்துவமனையிலும் பேரங்காடியிலும் தமிழுக்கு வேலை இல்லை. கோயிலில் பிள்ளை பேசுவதைவிடக் கேட்பதே மிகுதி. எஞ்சியிருப்பது சாப்பாட்டுக் கடை. அங்கே பிள்ளைக்குப் பசி இருக்கிறது, வேண்டியது கண்முன் இருக்கிறது, கேட்டால்தான் கிடைக்கும். மொழி கற்பிக்கும் எந்த ஆசிரியருக்கு வகுப்பறையில் இப்படி ஒரு சூழல் அமைகிறது?

ஆனால், நடப்பது என்ன? நகரின் வாழையிலைச் சோற்றுக் கடை ஒன்றில் ஒரு நண்பகல் வேளையில் கண்டதைச் சொல்கிறேன். அடுத்த மேசையில் அப்பா, அம்மா, தமிழ்ப்பள்ளிச் சீருடையில் ஒரு சிறுவன். பரிமாற வந்த இளைஞர் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. சிறுவன் காய்கறி வாளியைச் சுட்டிக்காட்டி, "இனி மாவ், இத்து தா மாவ்" என்றான். இது வேண்டும், அது வேண்டாம் என்று மலாயில் சொல்கிறான். இளைஞரும் தமக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், "தம்பா நாசி?" என்று கேட்கிறார். இருவருக்கும் தாய்மொழி தமிழ்! பெற்றோர் இருவரும் கைப்பேசியில் மூழ்கியிருந்தனர். இலையில் முட்டைக்கோசுப் பொரியல், பூசணிக்காய்க் கூட்டு, புடலங்காய் எல்லாம் இருந்தன. அவற்றுள் ஒன்றின் பெயர்கூட அந்த மேசையில் யார் வாயிலிருந்தும் வரவில்லை.

மலாய்மொழியைப் பிள்ளை நன்றாகப் பேச வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அது நாட்டின் மொழி. அதற்கான இடங்கள் நாள்தோறும் ஆயிரம் இருக்கின்றன. தமிழுக்கு இருக்கும் ஓர் இடத்தையும் நாமே காலி செய்து கொடுப்பானேன்?

தோட்டப்புறத்தில் வளர்ந்த என் தலைமுறைக்கு இது வேறு விதமாகத் தெரிந்திருந்தது. தோட்டத்தில் உணவகம் கிடையாது. ஒரு மளிகைக் கடையும் ஒரு கள்ளுக்கடையும் இருக்கும், அவ்வளவுதான். விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டுப் பால்வெட்டுக்குக் கிளம்பும் அம்மா, போத்தலில் வரக்கோப்பியை எடுத்துக்கொள்வார். நிரையை வெட்டி முடித்த பிறகு மரத்தடியில்தான் பசியாறல். (காலை உணவுக்கென்றே 'பசியாறுதல்' என்ற அழகான சொல்லை நாம் வைத்திருக்கிறோம். "பசியாறிட்டீங்களா?" என்று இங்கே நாம் கேட்பதைத் தமிழ்நாட்டு நண்பர்கள் கேட்டு வியப்பதுண்டு.)

சம்பளம் போட்ட வாரத்து ஞாயிற்றுக்கிழமையில் பேருந்தேறி டவுனுக்குப் போவோம். அஞ்சலகத்திலும் துணிக்கடையிலும் அப்பா மெல்லிய குரலில்தான் பேசுவார். பாரம் நிரப்ப வேண்டுமென்றால் யாரையாவது கெஞ்ச வேண்டும். ஆனால், தோசைக் கடைக்குள் நுழைந்ததும் அவர் குரலே மாறிவிடும். "அண்ணே, பிள்ளைக்கு ஒரு நெய்த்தோசை, முறுகலா! சட்னி கொஞ்சம் கூட வையுங்க!" என்று கடை முழுதும் கேட்கச் சொல்வார். அந்த டவுனிலேயே அவர் தலைநிமிர்ந்து பேசிய இடம் அதுதான் என்று இன்று நினைக்கிறேன். தமிழர் கடை என்பது வெறும் சாப்பாட்டுக்கான இடமாக மட்டும் இருந்ததில்லை.

பின்னர், தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சில இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. மக்கள் புந்தோங், சிலிபின், மெங்லெம்பு என்று ஈப்போவைச் சுற்றிக் குடியேறினர். தோட்டத்தில் பிள்ளை தெருவில் இறங்கினாலே தமிழ் காதில் விழும். அடுக்குமாடியில் அப்படி விழுவதில்லை. தோட்டத்துத் தெரு செய்த வேலையில் ஒரு பங்கையாவது கடைத்தெரு செய்ய வேண்டியிருக்கிறது.

இனி, எங்கே போகலாம் என்பதற்கு வருகிறேன்.

முதலில் புந்தோங். நாட்டிலேயே இந்தியர் விழுக்காடு மிகுந்த சட்டமன்றத் தொகுதி இது. இங்கே சுங்கை பாரியில் இருக்கும் கச்சாங் பூத்தே கிராமத்தைப் பார்க்காத தமிழ்ப்பள்ளி மாணவர் பேராவில் இருக்கக்கூடாது என்பேன். 1940களில் எட்டயபுரத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் தொடங்கிய தொழில் அது. தலையில் தட்டைச் சுமந்தும் மிதிவண்டியில் வைத்தும் திரையரங்கு வாசலிலும் பள்ளி வாசலிலும் கடலை விற்றவர்கள் அவர்கள். காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டிப் போட்டுத் தருவார்கள். இன்று வீட்டின் முன்பகுதியே கடையாக இருக்கிறது. முறுக்கு, ஓமப்பொடி, காராபூந்தி, பக்கோடா, வறுத்த பட்டாணி, மரவள்ளிக்கிழங்குச் சீவல் என்று புட்டி புட்டியாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். தீபாவளிக்கு முன் போனால் நிற்க இடமிருக்காது.

எட்டயபுரம் என்றதும் ஆசிரியர்களுக்கு யார் நினைவுக்கு வருவார் என்று சொல்லத் தேவையில்லை. 1882இல் பாரதியார் பிறந்த ஊர். வகுப்பில் பாரதியார் பிறந்த ஊரை மனப்பாடம் செய்யும் மாணவனுக்கு, அதே ஊர்க்காரர்களின் பேரப்பிள்ளைகள் பேருந்தில் போகும் தூரத்தில் முறுக்குச் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்பது தெரிவதில்லை. அங்கே அழைத்துப் போய், "அக்கா, ஓமப்பொடி அரைக்கிலோ கொடுங்கள்" என்று அவனையே கேட்கச் சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். சொல்லிக்கொடுப்பதற்கு அவர்கள் சலிப்பதில்லை.

அடுத்து நாசி கண்டார். இதைத் தமிழோடு சேர்ப்பதா என்று சிலர் புருவம் உயர்த்தலாம். தமிழ் முசுலிம்கள் காவுதடியின் இருபுறமும் சோற்றையும் கறியையும் தொங்கவிட்டுத் தெருத்தெருவாக விற்றதால் வந்த பெயர் அது. 'கண்டார்' என்றால் மலாயில் தோள்கம்பில் சுமப்பது. தோட்டத்தில் பால் வாளிகளைச் சுமந்த கம்பை நாம் 'காண்டா' என்றோமே, அதுவும் இதே சொல்தான்! ஈப்போவில் 'நாசி வாங்கே' என்றொரு புகழ்பெற்ற கடை இருக்கிறது. 'வாங்க' என்று தமிழில் வாடிக்கையாளரை அழைத்ததே அப்பெயராக நிலைத்தது என்பர். மலாய்க்காரரும் சீனரும் நாள்தோறும் ஒரு தமிழ்ச் சொல்லைச் சொல்லிக்கொண்டு அங்கே சாப்பிடப் போகிறார்கள். யாங் கல்சோம் சாலையில், யோங் சுவான் என்ற சீனர் கோப்பிக் கடையில் கிடைக்கும் சிவப்புக் கோழிச் சோற்றுக்கு 'நாசி கஞ்சா' என்று பட்டப்பெயர். கறியில் கஞ்சா ஒன்றும் கிடையாது. மறுபடி மறுபடி வரவழைக்கும் சுவைக்கு மக்கள் வைத்த பெயர். இதைப் பிள்ளைகளுக்கு விளக்குவதுதான் பெரும்பாடு!

பெயர்களைப் பற்றிப் பேசுவதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஈப்போவில் ஏறக்குறைய எல்லாக் கோப்பிக் கடைப் பலகையிலும் 'கெடாய்' என்று எழுதியிருக்கும். நம் 'கடை'தான் அது. 'காரி' நம் கறி. 'அப்பம்' நம் ஆப்பம். 'கெத்தும்பார்' என்பது கொத்துமல்லி. 'மாமாக்' கடை என்பதில் இருப்பது நம் மாமா. எந்த இனத்தவரானாலும் அங்கே பரிமாறுபவரை "அனே!" என்றுதான் அழைக்கிறார்கள். நம் பிள்ளைகளோ "போஸ்!" என்கிறார்கள். 2024 டிசம்பரில் யுனெஸ்கோ, நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் ஆகியவற்றைக் குறிப்பிட்டு மலேசியரின் காலை உணவுப் பண்பாட்டைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. உலகம் பட்டியலில் சேர்த்த மேசையில் நாம் நம் மொழியோடு உட்காரக் கூச்சப்படுகிறோம்.

லகாட் சாலையை ஒட்டிய லிட்டில் இந்தியா பகுதியில் சைவ உணவகங்களுக்கும் வாழையிலைக் கடைகளுக்கும் குறைவில்லை. இங்கே கடைக்காரர்களிடம் எனக்கு ஒரு குறை உண்டு. உணவுப் பட்டியலில் தோசையும் இட்டிலியும் ரோமன் எழுத்தில் மட்டும் இருக்கின்றன. பெயர்ப்பலகையில் தேசிய மொழி முதன்மையாக இருக்க வேண்டும் என்பது விதி. தமிழே இருக்கக்கூடாது என்று விதி எதுவும் இல்லை. பட்டியலில் தமிழ் எழுத்தைச் சேர்க்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதும் இல்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கும் முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு 'வடை' என்ற இரண்டு எழுத்தைப் படித்ததும் தட்டில் வடை வருமானால், எழுத்தின் பயனை அதைவிட எப்படி விளக்குவது?

கடைக்காரர்களின் தொல்லையும் சிறிதன்று. ஆள் கிடைப்பதில்லை. 2018 ஜூனில் அன்றைய மனிதவள அமைச்சரும் ஈப்போ பாராட் நாடாளுமன்ற உறுப்பினருமான எம்.குலசேகரன், 2019 சனவரி முதல் உணவகங்களில் உள்நாட்டவரே சமையற்காரராக இருக்க வேண்டும் என்று அறிவித்தபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. அந்த அறிவிப்பு நிறைவேறவில்லை. உள்நாட்டு இளைஞர்கள் அடுப்பங்கரைக்கு வர விரும்பவில்லை என்று அப்போது முதலாளிகள் சொன்னார்கள். அது மெய்தான். ஆனால், கூட்டுக்கும் பொரியலுக்கும் வேறுபாடு தெரியாமல் வளரும் பிள்ளை நாளைக்கு அந்தத் தொழிலை எப்படி விரும்புவான்? ஊதியமும் வேலை நேரமும் மாற வேண்டும் என்பது வேறு கதை. அதைத் தனியே எழுத வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல். 2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்ட பிறகு, கேட்டலுக்கும் பேச்சுக்கும் வகுப்பிலேயே மதிப்பீடு செய்யும் வாய்ப்பு நமக்குக் கூடியிருக்கிறது. நான்காம் ஆண்டு வகுப்பில் ஒருமுறை, வார இறுதியில் சாப்பிட்டவற்றின் பெயர்களைத் தமிழில் எழுதிவரச் சொன்னேன். பெரும்பாலோர் கோழிப் பிரட்டல், அப்பளம், ரசம் என்பதோடு நின்றுவிட்டனர். ஒரு மாணவி மட்டும் 17 பெயர்கள் எழுதியிருந்தாள். கேட்டதில், அவள் பாட்டி வாழையிலைக் கடையில் பாத்திரம் கழுவுகிறாராம். பள்ளி முடிந்ததும் இவள் அங்கே போய்க் காத்திருப்பாளாம். சுண்டைக்காய், கோவைக்காய், மணத்தக்காளி என்று அவள் எழுதியதில் எழுத்துப்பிழை இரண்டு இருந்தது. சொற்பிழை ஒன்றும் இல்லை.

பெற்றோர்களே, அடுத்த முறை போகும்போது கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டு, கேட்கும் வேலையைப் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். "அண்ணே, கொஞ்சம் கூட்டு வையுங்கள்", "போதும் அண்ணே" என்று அது சொல்லட்டும். பரிமாறுபவர் மலாயில் தொடங்கினாலும் தமிழில் விடை சொல்லச் சொல்லுங்கள்; அவர் முகம் மலர்வதைப் பிள்ளையே பார்க்கும். ஒன்று மட்டும் கவனியுங்கள். வாழையிலைக் கடைக்குப் போவதானால் பகல் 12 மணிக்கு முன்பே போய்விடுங்கள். அலுவலகக் கூட்டம் வந்துவிட்டால், வாளியோடு ஓடுபவருக்கு நின்று பிள்ளையின் பேச்சைக் கேட்க நேரம் இருக்காது.