முதல் மூன்றடியில் ஒரு கண்டம்

அமெரிக்காவில் காகிதக் குழாயும் மெல்லிய மரச் சிறகுகளும் கொண்ட சிறு ராக்கெட்டுகளை ஏவுவது, சிறுவர் முதல் பெரியவர் வரை பலருக்கும் பிடித்த பொழுதுபோக்கு. மைதானத்தில் எல்லோரும் கேட்பது, "எவ்வளவு உயரம் போயிற்று?" என்பதுதான். கேட்க வேண்டியதோ, கம்பியை விட்டுக் கிளம்பியபோது என்ன வேகம் என்பது.

ராக்கெட்டுக்கு முதலில் வழிகாட்டுவது சுமார் 3 அடி நீள எஃகுக் கம்பி. அதைத் தாண்டியதும் சிறகுகள்தான் துணை. வேகமில்லாவிட்டால் சிறகுக்குப் பலம் ஏது? மணிக்கு 30 மைலாவது வேண்டும் என்பது பழகியவர்கள் கணக்கு. குறைந்தால் பக்கக் காற்று மூக்கைத் திருப்பிவிடும்.

1950-களில் இரும்புக் குழாயில் துத்தநாகமும் கந்தகமும் திணித்துக் கையையும் கண்ணையும் இழந்த சிறுவர்கள் உண்டு. நெப்ராஸ்காவில் செருப்புக் கடை நடத்திய ஆர்வில் கார்லைல், தம் சகோதரருடன் சேர்ந்து 1954-ல் காகித ராக்கெட்டையும் மாற்றிப் போடக்கூடிய மோட்டாரையும் உருவாக்கினார். மருந்து கிட்டிக்கும் வேலை சிறுவர் கையை விட்டுப் போயிற்று. ஆனால் எந்த மோட்டாரைப் போடுவது என்பது இன்றும் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

அதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மோட்டார் மேல் 'பி6-4', 'சி6-5' என்று அச்சிட்டிருக்கும். எழுத்து மொத்தச் சக்தியைக் குறிக்கும்; அடுத்த எழுத்துக்குப் போனால் அதன் உச்ச அளவு இரட்டிப்பு. நடு எண் சராசரி உந்துவிசை, நியூட்டன் கணக்கில். கடைசி எண், மருந்து தீர்ந்தபின் பாராசூட் வெளிவர எத்தனை விநாடி என்பது. 'பி' போட்ட ராக்கெட் சாய்ந்தால் 'சி' போட்டுப் பார்க்கத் தோன்றும். பயனில்லை! இரண்டிலும் நடு எண் 6-தான். ஆரம்பத்தில் தள்ளும் பலம் ஏறக்குறைய ஒன்றே. 'சி'யில் மருந்து அதிகம், பாரமும் சில கிராம் அதிகம். ஆகவே கிளம்பும் வேகம் கூடாது, சற்றுக் குறையவே செய்யும். சாய்ந்த ராக்கெட் கூடுதல் நேரம் எரிந்து, ஜனங்கள் நிற்கும் பக்கம் பாய்ந்து, பாராசூட் விரியுமுன் தரையில் குத்தினாலும் குத்தும்.

எடையைப் போல் 5 மடங்கு விசை வேண்டும் என்றொரு விதி உண்டு. 100 கிராம் எடை சுமார் 1 நியூட்டன். 200 கிராம் ராக்கெட்டுக்கு 10 நியூட்டன் வேண்டும். 'சி6' போதாது, 'டி12' வேண்டும். அது பருமனான மோட்டார். அதற்கேற்ற குழாயும் தேவை. சீரான 5 மடங்கு விசை மட்டுமே இருந்தால் 3 அடிக் கம்பியில் 19 மைல் வேகந்தான் கிட்டும். இந்தக் கரிமருந்து மோட்டார்கள் தொடக்கத்தில் சராசரியைப் போல் இரு மடங்கு அளவுக்கு உதைப்பதால்தான் காரியம் நடக்கிறது.

மணிக்கு 20 மைல் காற்று வரை ஏவலாம் என்கிறது அங்குள்ள பாதுகாப்பு விதி. இது மிகத் தாராளம். கிளம்பும் வேகம் காற்றைப் போல் 4 மடங்காவது இருப்பது நல்லது. 30 மைலில் கிளம்பும் ராக்கெட்டுக்கு 7, 8 மைல் காற்றே எல்லை. தந்தைமார், பெயிண்ட், பசை, மோட்டார் எல்லாம் சேர்த்து ராக்கெட்டைத் தராசில் வைத்துப் பார்த்த பின்பே தீப்பொறிக்கு அனுமதி தர வேண்டும். எடை சற்று மிஞ்சினால் 6 அடிக் கம்பி கைகொடுக்கும். வேகம் ஏறக்குறைய 40 சதவிகிதம் ஏறும். வழக்கமான 1/8 அங்குலக் கம்பி அந்த நீளத்தில் ஆடும். தடித்த கம்பி வாங்கி, ராக்கெட்டிலும் அதற்கேற்ற பெரிய வளையம் ஒட்ட வேண்டும்.