தொடக்க மாணவர்க்கு ஏற்ற எழுதுகருவி

பண்டைத் திண்ணைப் பள்ளிகளில் எழுத்தறிவித்த ஆசிரியர், எடுத்தவுடனே ஓலையையும் எழுத்தாணியையும் சிறுவர் கையில் கொடுத்தாரல்லர். முதலில் மணலைப் பரப்பி, அதன்மேல் விரலால் எழுதப் பழக்கினார். மணலில் பிழை நேர்ந்தால் உள்ளங்கையால் தடவிவிடலாம். ஓலையிற் கீறிய பிழையோ எளிதில் அழியாது. எழுத்தின் வடிவம் மனத்திற் பதியும் வரையில் கருவியின் அருமை மாணவனை அச்சுறுத்தலாகாது என்பது அவ்வாசிரியர் கருத்துப் போலும்.

இக்காலத்துக் கணிப்பொறிக் கல்வியிலும் இதனையொத்த வினா ஒன்று உண்டு. சுட்டியால் படங்களைத் தொட்டுப் பொறியை இயக்குதல் ஒரு முறை; கருந்திரையில் கட்டளைகளை எழுதி இயக்குதல் மற்றொரு முறை. பின்னதைக் கட்டளைவரி என்பர். தொலைவிலுள்ள சர்வர்களை ஆள்வோர்க்கு இஃது இன்றியமையாதது. அங்கே கோப்புகளை எழுதவும் திருத்தவும் உதவும் கருவிக்கு உரைத்திருத்தி என்று பெயர். திருத்திகள் பல. தொடக்க மாணவர்க்கு அவற்றுள் எதனைக் கற்பிப்பது?

இராயபுரத்தில் யான் வாழும் தெருவில் இளைஞர் சிலர் மாலைதோறும் மாணவர்க்கு லினக்ஸ் கற்பிக்கின்றனர். பணியினின்று ஓய்வு பெற்ற யானும் பின்வரிசையில் ஒருவனாக அமர்ந்து கேட்பதுண்டு. சென்ற முறை, முதல் வாரத்திலேயே விம் என்னும் திருத்தியைத் திறக்கச் சொன்னார்கள். காசிமேட்டு மீனவர் வீட்டுச் சிறுவன் ஒருவன், பாடத்துக்காக அளித்த கோப்பில் தன் பெயரை எழுத முயன்றான். பெயர் விழவில்லை, இருந்த வரிகளிற் சில மறைந்தன. வெளியேறவும் வழி தெரியவில்லை. இறுதியில் பொறியையே அணைத்துவிட்டு எழுந்து சென்றான். மறுநாள் அவன் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. அவன் அறிவிற் குறைந்தவன் அல்லன். கடலில் காற்றின் திசையறிந்து வலை வீசத் தெரிந்தவன்.

குறை எங்கே உளது? விம் என்பது, 1976-ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பில் ஜாய் என்பவர் இயற்றத் தொடங்கிய விஐ என்னும் திருத்தியின் வழித்தோன்றல். 1991-இல் பிராம் மூலெனார் வெளியிட்டது. இதற்கு நிலைகள் உண்டு. திறந்தவுடன் இருப்பது கட்டளை நிலை. அந்நிலையில் ‘எக்ஸ்’ என்னும் விசையைத் தட்டினால் அவ்வெழுத்து தோன்றாது. முன்னிருந்த எழுத்தொன்று நீங்கும். ‘டி’ என்பதை இருமுறை தட்டினால் ஒரு வரியே போய்விடும். ‘ஐ’ என்பதைத் தட்டிய பின்னரே எழுதலாம். எஸ்கேப் விசையைத் தட்டினால் மீண்டும் கட்டளை நிலை. கைவந்தவர்க்கு இது பெருவசதி. புதியவர்க்கோ, கதவில்லாத அறை. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்னும் வினாவிடைத் தளத்தில், விம்மிலிருந்து வெளியேறுவது எவ்வாறு என்ற ஒரே வினா 2017-ஆம் ஆண்டிற்குள் பத்து இலட்சம் முறை பார்க்கப்பட்டது என்றால், அச்சிறுவனை மட்டும் குறை கூறுதல் முறையோ?

நேனோ என்னும் திருத்தி 1999-இல் கிறிஸ் அலெக்ரெட்டா தொடங்கியது. இதில் தட்டிய எழுத்து தட்டியவாறே விழும். சேமித்தல், தேடுதல், வெளியேறுதல் ஆகியவற்றுக்குரிய விசைகள் திரையின் அடியிலேயே எழுதப்பட்டிருக்கும். அங்கே எழுத்துக்கு முன் காணும் கூரைபோன்ற குறி கன்ட்ரோல் விசையைச் சுட்டுவது என்பதை மட்டும் ஆசிரியர் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிடின் அக்குறியையே தேடித் தட்டுவர். யானும் அவ்வாறு தட்டியவனே.

“எந்தச் சர்வரிலும் விஐ இருக்கும், நேனோ இல்லாமற் போகலாம். ஆதலின் அரியதையே முதலிற் கற்பிக்க” என்பர் சிலர். அவர் கூற்றின் முற்பகுதி பெரிதும் உண்மை, முடிபு பொருந்தாது. அடைவு, கோப்புப் பாதை, அனுமதி, குழாய் என நாள்தோறும் புதுப்பொருளைக் கற்கும் மாணவன்மேல் புதிய கருவியொன்றின் இலக்கணத்தையும் அன்றே ஏற்றுதல் தகாது. மேலும், 2011 முதல் தமிழக அரசு மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸுடன் இருந்த பாஸ் லினக்ஸ், டெபியன் வழிவந்தது. டெபியனில் நேனோ வழக்கமாகவே அமைந்திருப்பது. பெடோராவும் 2020-இல் வெளிவந்த தன் 33-ஆம் பதிப்பில் நேனோவையே இயல்புத் திருத்தியாக ஏற்றது. சாளரத்தில் திறக்கும் திருத்திகளோ தொலைவிலுள்ள பொறிக்குப் பெரும்பாலும் உதவா; அவற்றைப் பற்றி இங்கே விரித்துரைப்பது வேண்டாததாகும்.

தமிழாசிரியனாகிய எனக்கு வேறொரு மனக்குறையும் உண்டு. கட்டளைவரி முனையம் திரையைச் சமமான கட்டங்களாகப் பகுத்து, கட்டத்துக்கு ஓர் எழுத்தாக வைப்பது. ‘கொ’ என்னும் எழுத்திலோ உயிர்க்குறி மெய்யின் இருபுறமும் நிற்கின்றது. ஆதலின் பல முனையங்களில் தமிழ் சிதைந்து தோன்றுகிறது. நேனோவாயினும் விம்மாயினும் இதற்கு விலக்கன்று. இது திருத்தியின் குற்றமன்று, முனையத்தின் குற்றம். இன்று கற்கும் மாணவருள் ஒருவரேனும் இதனைச் சீர்செய்ய முன்வருதல் வேண்டும் என்பது என் அவா.

இவற்றையெல்லாம் அவ்விளைஞரிடம் எடுத்துரைத்தேன். சற்று வாதிட்டுப் பின் இசைந்தனர். இம்முறை ஆறு வாரங்கள் நேனோ. ஏழாம் வாரத்தில், அரைமணி நேரப் பயிற்சியாக விம்முடனேயே வரும் விம்டியூட்டர். காசிமேட்டுக்கு யானே சென்று அச்சிறுவனை அழைத்து வந்தேன். இப்பொழுது ஐந்தாம் வாரம் நடைபெறுகின்றது.