கூரை உள்ளோருக்குக் கதிரவன்; கூரை இல்லோருக்கு?



மாடியிலே சோலார் தகடு பதித்துவிட்டால் மின்கட்டணக் கவலையே இல்லை என்று விளம்பரங்கள் முழங்குகின்றன. மெய்தானா? போட்ட பணம் மீளுமா? உங்கள் தெருவிலே உள்ளோர் உங்களைத்தான் கேட்பர். விற்க வந்தவன் சொல்லும் விடையையே திருப்பிச் சொல்வதற்கு நாம் தரகர்கள் அல்லவே!

கணக்கைப் பாருங்கள். தமிழகத்து வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும். 3 கிலோவாட் எனில் இரு மாதத்தில் 700 யூனிட்டுக்கு மேல். விலை ஏறத்தாழ 2 இலட்சம் ரூபாய். 2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு தொடங்கிய திட்டத்தின்படி 78,000 ரூபாய் மானியம். இரு மாதத்தில் 800 யூனிட் செலவிடும் குளிர்சாதன வீட்டுக்கு, போட்ட பணம் நாலைந்து ஆண்டிலே மீண்டுவிடும். தகடோ 25 ஆண்டு உழைக்கும். இலாபந்தான், மறுப்பார் யார்?

ஆனால், இரு மாதத்தில் 200 யூனிட்டோடு காலந்தள்ளும் எளியவன் வீட்டைப் பாருங்கள். முதல் 100 யூனிட் இலவசம். மீதிக்கு அவன் ஆண்டு முழுதும் கட்டுவது 2,000 ரூபாயைத் தொடாது. அதை மிச்சம் பிடிக்க, மானியம் போக 40,000 ரூபாய் முடக்குவதா? முதல் மீளுமுன் தொட்டில் பிள்ளைக்குத் திருமணமே ஆகிவிடும்!

பேட்டரியின் கதை வேறு. மின்வாரியக் கம்பியோடு இணைந்த சாதாரண சோலார், மின்தடை வந்ததும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் தொழிலாளியின் உயிரைக் காக்க அமைந்த ஏற்பாடு அது. தடையிலும் விளக்கெரிய வேண்டுமெனில் பேட்டரி வேண்டும். ஈய அமில பேட்டரியை ஏறத்தாழ ஐந்து ஆண்டில் மாற்றியாக வேண்டும். லித்தியம் நீடித்து உழைக்கும், விலையோ கடுமை. பகலில் மிஞ்சியதை வாரியத்துக்குக் கொடுத்து இரவில் கழித்துக்கொள்ள வழியிருக்கையில், கட்டணத்தை மிச்சப்படுத்துவதற்காக மட்டும் பேட்டரி வாங்குவது வீண் செலவே.

எனினும், 2018 நவம்பரில் கஜா புயல் வீசியபின் டெல்டா மக்கள் பல நாள் இருளில் கிடந்தனரே, அந்த இருளுக்கு ரூபாயில் விலை உண்டா? அங்கே பேட்டரி தேவை. வீட்டுக்கு வீடு அல்ல. ஆரம்பச் சுகாதார நிலையத்திலே, புயல் காப்பகத்திலே, ஊர்ப் பள்ளியிலே!

மானியம் எவர் பணம்? தீப்பெட்டி வாங்கும் ஏழையும் செலுத்தும் வரிப்பணம். அது மாடி உள்ளவனுக்கே போய்ச் சேர்ந்தால், வாடகை வீட்டிலே வாழ்பவனுக்கு மிஞ்சுவது வெயில் மட்டுந்தானா?

ஆகவே தோழர்களே, கேட்போருக்குக் கணக்கை ஒளிக்காமல் சொல்லுங்கள். அத்துடன் நில்லாதீர்கள். பொதுக் கட்டடங்களின் கூரையிலே விளையும் மின்சாரத்தில், கூரையற்றோரின் கட்டணத்துக்கும் பங்கு கேளுங்கள். கதிரவன் வீடு பார்த்துக் காய்வதில்லை. திட்டமும் வீடு பார்த்து வழங்கலாகாது!