ஃபைல் டவுன்லோட் ஆகும், தோட்டா டவுன்லோட் ஆகாது



போன எபிசோடில் 3டி பிரிண்டர் துப்பாக்கிகளைப் பத்திப் பேசும்போது, "ஒரு ஃபைல் இருந்தா போதும், யார் வேணும்னாலும் ஆயுதம் செஞ்சுக்கலாம்"னு சொன்னேன். மியான்மரை உதாரணமாவும் காட்டினேன். யாங்கோனில் வளர்ந்து இப்போ வெளிநாட்டில் இருக்கும் ஒரு நேயர் மறுநாளே எழுதினார்: "தம்பி, ஒரு மணி நேரம் துப்பாக்கி பத்திப் பேசுனீங்க. குண்டு எங்கேருந்து வருதுன்னு ஒரு தடவையாச்சும் கேட்டீங்களா?"

கேட்கலை. அதனால்தான் இந்த வாரக் கடிதம்.

நாம பேசினது எஃப்ஜிசி-9 பத்தி. 2020-ல் இணையத்தில் வெளியான வடிவமைப்பு. பெயரின் முதல் மூன்று எழுத்தும் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கான ஒரு கெட்ட வார்த்தை. 9 என்பது தோட்டாவின் அளவு. ஜேஸ்டார்க்1809 என்ற புனைபெயரில் இயங்கியவர் இதன் முதன்மை வடிவமைப்பாளர். 2021 ஜூலையில், ஜெர்மன் போலீஸ் சோதனை நடந்த சில நாட்களுக்குள் இறந்துபோனார். சட்டக் கட்டுப்பாடுள்ள ஒரு பாகம்கூட வாங்காமல் செய்யணும் என்பதுதான் அவர் வைத்துக்கொண்ட இலக்கு. 2021 பிப்ரவரி 1 ராணுவப் புரட்சிக்குப் பிறகு, காட்டுக்குள் போன மியான்மர் இளைஞர்கள் கையில் அது வந்து சேர்ந்தது. டெக் உலகம் கைதட்டியது. நானும்தான்.

இப்போ அந்த நேயரின் கேள்விக்கு வர்றேன்.

தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிக்கு தோட்டாவும் ஒரு பாகம்தான். இதை நான் கவனிக்கவே இல்லை. சுடும்போது வெடிப்பின் அழுத்தம் காலிக் கூட்டைப் பின்னால் தள்ளுது. அது போல்ட்டைத் தள்ளுது. ஸ்பிரிங் போல்ட்டைத் திருப்பி அனுப்புது. திரும்பும் வழியில் அது மேகசினின் உச்சியில் இருக்கும் தோட்டாவை உரசி எடுத்து அறைக்குள் செருகுது. ஒரு நொடியின் சிறு பகுதியில் இவ்வளவும் நடக்கணும். போல்ட்டின் எடை, ஸ்பிரிங்கின் பலம் ரெண்டுமே குறிப்பிட்ட வேகமுள்ள தோட்டாவை மனசில் வச்சுக் கணக்குப் போட்டது.

கையால் நிரப்பிய தோட்டா இந்தக் கணக்கை எங்கே வேணும்னாலும் உடைக்கும். வேகம் கொஞ்சம் குறைஞ்சா போல்ட் முழு தூரம் போகாது. காலிக் கூடு பாதி வழியில் மாட்டும், இல்லைன்னா அடுத்த தோட்டாவை எடுக்காமலே மூடிக்கும். 9 மில்லிமீட்டர் தோட்டாவின் மொத்த நீளம் அதிகபட்சம் 29.69 மி.மீ. அதைத் தாண்டினா மேகசினுக்குள்ளேயே சிக்கும். கூட்டின் வாய் சரியா இறுகலைன்னா அறைக்குள் முழுசா உட்காராது. விளையாட்டுக்காகச் சுடும் நாடுகளில் தோட்டா நிரப்புகிறவர்கள் கையில் கேலிப்பரோடு மணிக்கணக்கா உட்கார்ந்து இருப்பது இதுக்காகத்தான். அவங்களுக்கு ஜாம் ஆனா ஒரு மதிப்பெண் போகும். பயிற்சி மைதானத்தில் சிரிச்சுக்கிட்டே போல்ட்டை இழுத்து விட்டுட்டு அடுத்த ரவுண்டுக்குப் போயிடலாம்.

மியான்மரில் அப்படி இல்லை. அங்கே மேகசினும் பிளாஸ்டிக்கில் பிரிண்ட் ஆனது, பேரலும் வீட்டில் செஞ்சது. மூணும் சேர்ந்து ஒரு தடவை சிக்கினா, எதிரே நிற்கிறவன் கையில் தொழிற்சாலைத் துப்பாக்கி. எந்தப் பாகம் தப்புன்னு யோசிக்கவும் நேரம் கிடையாது.

தோட்டாவின் அடியில் இருக்கும் பிரைமர் இன்னும் கஷ்டம். கூட்டைத் திரும்பப் பயன்படுத்தலாம், ஈயத்தை உருக்கலாம். ஊசி தட்டியதும் பொறி விடும் அந்தச் சின்ன மூடியை நம்பகமாச் செய்ய தொழிற்சாலை வேணும். அதை எந்த பிரிண்டரும் தராது.

எதிர்ப்பக்கத்தைப் பாருங்க. ராணுவத்துக்கு 'கா பா சா' என்று அழைக்கப்படும் சொந்த ஆயுதத் தொழிற்சாலைகள் இருக்கு. துப்பாக்கியும் தோட்டாவும் ஒரே நிர்வாகத்தின் கீழ், ஒரே அளவுகோலில். மியான்மருக்கான சிறப்பு ஆலோசனைக் குழு 2023 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை, அந்த உற்பத்திக்கு உதவிய நிறுவனங்கள் 13 நாடுகளில் இருப்பதாகச் சொன்னது. பட்டியலில் இந்தியாவும் உண்டு. பேரல் செய்ய ஆஸ்திரிய சிஎன்சி இயந்திரம்! இதைப் பத்தி நாம ஒரு எபிசோடும் பண்ணலை. வீட்டில் செஞ்ச துப்பாக்கி சுவாரசியம். இறக்குமதி ரசீது போர். எனக்கு இதில் வெட்கம்தான்.

"டவுன்லோட்" என்ற சொல்லிலேயே ஒரு வசதிக்காரத்தனம் இருக்கு. 2021 மார்ச் 14 அன்று யாங்கோனின் லைங் தாயாவில் பலர் சுட்டுக் கொல்லப்பட்டாங்க. அதே நாட்களில் மொபைல் டேட்டாவும் நிறுத்தப்பட்டது. ஃபைல் எல்லாருக்கும் கிடைக்கும்னு நான் பேசினது, அந்த ஊரில் ஃபைலே இறங்காத நாட்களைப் பத்தி.

பிறகு நடந்ததும் இதைத்தான் காட்டுது. ராணுவத்திடமிருந்து கைப்பற்றிய ரைஃபிள்கள் வர வர, பிரிண்ட் துப்பாக்கி பின்னுக்குப் போச்சு. பிரிண்டர்கள் சும்மா இருக்கலை. டிரோன் பாகங்களும், டிரோனிலிருந்து போடும் குண்டுகளின் வால்களும் செய்யப் போயிடுச்சு. மாட்டிக்கிட்டா ஆள் சாகாத வேலைக்கு அது பொருந்துச்சு போல.

"அப்போ அந்தத் துப்பாக்கி வீணா?"ன்னு நேயரிடம் திருப்பிக் கேட்டேன். "முதல் வருஷம் கையில் ஒண்ணுமே இல்லாதப்போ அது ஒண்ணு இருந்துச்சு. சின் மலையில் வேட்டைத் துப்பாக்கியோட நின்னாங்க. வீண்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க சொன்ன 'போதும்' இருக்கே, அதுதான் தப்பு" என்றார்.

போன எபிசோடின் குறிப்பில் அந்த வாக்கியத்துக்குக் கீழே திருத்தம் போட்டாச்சு. அடுத்த வாரம் சிஎன்சி இயந்திரங்களின் ஏற்றுமதி விதிகளைப் பத்திப் பேசுறோம். அந்தத் துறையில் வேலை பார்த்தவங்க யாராவது இருந்தா, இந்தக் கடிதத்துக்கே பதில் போடுங்க.