பஷ்மினாவும் மோதிரச் சோதனையும்

சால்வையை மோதிரத்தினுள் நுழைத்து இழுத்துக் காட்டி, "இதோ, அசல் பஷ்மினா" என்று விற்பது நம் நாட்டுக் கடைத்தெருக்களில் நெடுநாளாக நடந்துவரும் வித்தை. இதனால் புலனாவது துணியின் மெல்லிய தன்மை ஒன்றே. மெல்லிய பட்டும் விஸ்கோஸ் துணியும் அதே மோதிரத்தினுள் தடையின்றி நுழையும்.

பஷ்மினா என்பது லடாக்கின் சாங்தாங் பீடபூமியில், 4,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் வளரும் வெள்ளாட்டின் அடிமயிராகும். குளிருக்கு அரணாக முரட்டு மயிரின் அடியில் அரும்பும் இதனைக் குளிர்காலம் நீங்கியதும் சீவி எடுப்பர். இழையின் விட்டம் ஏறத்தாழ 12 முதல் 16 மைக்ரான். செம்மறியாட்டின் மயிரையும் இதனையும் ஒருங்கே 'கம்பளி' என்று எழுதிவிடுகிறோம். மொழிபெயர்ப்போருக்கு இது வசதி, வாங்குவோருக்கன்று.

இத்துணை நுண்ணிய இழை விசைத்தறியின் இழுப்பை எளிதில் தாங்காது. ஆகவே நைலானைச் சேர்த்து நூற்று, நெய்த பின் அமிலத்தால் அந்நைலானைக் கரைத்து நீக்கும் முறை கையாளப்படுகிறது. அமிலத்தால் பஷ்மினாவும் நலிகிறது. நைலான் கரைந்தபின் நூலைக் கொளுத்திப் பார்ப்பதாலும் பயனில்லை. மயிர் கருகும் நாற்றமே வரும். விரைவில் நைந்துபோகும் சால்வையைக் கண்டு வாங்கியவர் உரோமத்தையே பழிக்கிறார். காஷ்மீரில் இராட்டையில் நூற்கும் பெண்களோ வேலையை இழக்கின்றனர்.

காஷ்மீர்ப் பஷ்மினா 2008-இலும் லடாக் பஷ்மினா 2023-இலும் புவிசார் குறியீடு பெற்றன. கையால் நூற்றுக் கையால் நெய்த காஷ்மீர்ச் சால்வைகளை ஸ்ரீநகரில் சோதித்து முத்திரைச்சீட்டு அளிக்கின்றனர். எனினும் அது விரும்பிக் கேட்போருக்கு மட்டுமே உரியது. இழையின் பெயர், கலப்பு விகிதம், நூற்றது கையா விசையா என்பனவற்றை இந்திய மொழிகளில் விலைச்சீட்டில் அச்சிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கருத்து.

அசல் சால்வையைப் பேணுவது கடினமன்று. வெந்நீரும் சலவைச் சோடாவும் ஆகா. வெப்பமும் கசக்குதலும் சேர்ந்தால் இழையின் மேலுள்ள செதில்கள் ஒன்றோடொன்று பிணைந்து துணி சுருங்கிவிடும். குளிர்ந்த நீரில், காரமற்ற சோப்புக் கரைசலில் அமிழ்த்தி எடுத்து, முறுக்காமல் துவாலையில் ஒற்றி, நிழலில் கிடையாக விரித்து உலர்த்துக. வியர்வையும் உணவுக்கறையும் படிந்த துணியை அந்துப்புழு விரும்பித் தின்னும். ஆதலின் துவைத்து உலர்த்திய பின்னரே மூடிய பெட்டியில் வைத்தல் வேண்டும். திறந்த அலமாரியில் இடும் இரசகற்பூர உருண்டை மணத்துக்கே உதவும். பூவேலை செய்த பழஞ்சால்வையாயின் சாயம் கசியக்கூடும். ஒரு மூலையை நனைத்து வெள்ளைத்துணியில் ஒற்றிப் பார்த்த பின்னரே நீரில் இடுக.