கிள்ளைக்கும் தில்லைக்கும் ஒரே எழுத்தோ?

தில்லைக்குக் கீழ்ப்பால், பிச்சாவரத்து அலையாத்திக் காட்டின் ஓரத்தே கிள்ளை என்றோர் ஊர் உள்ளது. கிள்ளை என்பது கிளி. தில்லை என்பது அக் காட்டிலேயே வளரும் மரம். முன்னதில் ளகரம், பின்னதில் லகரம். தமிழ்ச் சிறுவன் நாத் தடுமாறாது பிரித்தொலிக்கும் இவ் வேறுபாடு, ஆங்கில எழுத்தில் எழுதிய அளவிலேயே மாய்ந்து போகிறது. இரண்டற்கும் அங்கே ‘எல்’ ஒன்றே! இத்தகைய எழுத்தில் நம் ஊரையும் நூலையும் புலவரையும் இணையத்தில் பதிவதைத்தான் ‘வளர்ச்சி’ என்கின்றனர் நம்மவர்.

நூலை இணையத்தில் ஏற்றிவிட்டால் மட்டும் போதாது. இது நூற்பெயர், இவர் பாடியவர், இது காலம், இதனோடு தொடர்புடையது அது என்று கணிப்பொறிக்கு உணர்த்தக் குறிச்சொற்கள் வேண்டும். கோண அடைப்புக்குள் இடப்பெறும் அக் குறிச்சொற்களின் ஒழுங்கே குறிமொழி. செனீவா அருகே பணியாற்றிய திம் பெர்னர்சு இலீ வகுத்த மீயுரைக் குறிமொழியில் குறிச்சொற்கள் ஆங்கிலத்தில் அமைந்தவை. ஆயின் 1998இல் வெளிவந்த விரிகுறிமொழியோ, குறிச்சொற்களை அவரவரே ஆக்கிக்கொள்ள விடுகிறது. தமிழெழுத்திலேயே ஆக்கவும் இடந்தருகிறது. 2005இல் இணைய முகவரிகளையும் பன்மொழி எழுத்துகளில் அமைக்கும் நெறி வகுக்கப்பட்டது. கதவு திறந்தே கிடக்கிறது. உள்ளே செல்லத்தான் தமிழனுக்குக் கால் எழவில்லை!

அதே 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கலியாணசுந்தரனார் முயற்சியால் மதுரைத் திட்டம் தொடங்கியது. பல நாட்டுத் தமிழர் ஊதியம் கருதாது நம் நூல்களைத் தட்டச்சிட்டு ஏற்றினர். போற்றத்தக்க தொண்டு! ஆனால் நூலேற்றும் தொண்டுக்கு நிகராகக் குறி வகுக்கும் தொண்டு நம்மிடை வளரவில்லை.

1995இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்துத் தப்ளின் நகரில் அறிஞர் கூடித் தொடங்கிய முயற்சி, இணையப் பொருள்களை விளக்கப் பதினைந்து கூறுகளை நிலைநாட்டியது. ஆக்கியோன், தலைப்பு, நாள், மொழி, தொடர்பு என்பன அவற்றுட் சில. நன்று. ஆனால் தொல்காப்பியர் செய்யுளியலில் எண்ணிய உறுப்புகள் முப்பத்துநான்கு! திணை, கூற்று, கேட்போர், களன், காலம், பயன், துறை ஆகியவை அவற்றுள் அடங்கும். யார் கூற்று, யாரை நோக்கியது, எவ்விடத்து, எப்போது என அனைத்தும் அங்கே உள. அகன்று கிடப்பினும் அணுகி நிற்பினும் பொருளைக் கொண்டுவந்து இணைத்து முடிக்கும் ‘மாட்டு’ என்னும் உறுப்பும் உண்டு. இணைப்பு என்று இன்று வியப்பது இதன் உடன்பிறப்பன்றோ?

ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார். தொகுப்பித்தவன் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. இவ்விருவரையும் வேறு பிரிக்கும் கூறு அப் பதினைந்தில் எங்கே? புறநானூற்றுப் பாட்டின் அடியில் நிற்கும் திணையும் துறையும் ‘பொருள்’ என்னும் ஒற்றைக் கூட்டில் அடைபட வேண்டுமா?

“குறிச்சொல் கணிப்பொறிக்குத்தானே? அஃது எம்மொழியில் இருந்தால் என்ன? உலகப் பொதுமை கெடாதா?” என்பார் உளர். கணிப்பொறிக்கு எம்மொழியும் ஒன்றே. ஆதலின் தமிழும் அதற்குச் சுமையன்று. நம் ‘பாடியவர்’ அவர்தம் ‘ஆக்கியோன்’ வகையைச் சார்ந்தவர் என்று ஒருமுறை பிணைத்துக் காட்டின் பொதுமை கெடாது. குறியை எழுதுவோனும் திருத்துவோனும் மாந்தரே. கூறுகளை வகுப்பவன் எதனைக் காணலாம், எதனைக் காணலாகாது என்பதையும் உடன் வகுத்துவிடுகிறான். பெயரில்லாப் பொருளைத் தேடிக் கண்டவர் யார்?

ஆகவே தமிழ்ப் புலவரும் கணிப்பொறி வல்லாரும் ஓரிடத்தே அமர்க! திணை முதல் மாட்டு ஈறாகத் தமிழ்க் குறித்தொகுதி ஒன்று வகுக்கப்படுக! பள்ளி நூலகப் பட்டியலினின்றே அது தொடங்கட்டும்.

சொல்லிக் கொடுத்ததையே திருப்பிச் சொல்லுதல் கூட்டுக் கிள்ளைக்கு இயல்பு. தமிழா, அதுவே உனக்கும் இயல்பாகலாமா?